எங்கிருந்தாலும் கடவுமூலைக்கு

கடவுமூலை ஆற்றுவிழாவின் முதல் மாலையில், தோஹாவில் லிப்டு பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஷாஜன் கையில் ஸ்பானரோடு பழையாற்றுப் படித்துறையில் ஏறி வந்தான். அவன் அம்மா தங்கபாய் வில்லுப்பாட்டு கேட்ட மயக்கத்தில் மகன் ஊரில் இல்லை என்பதையே மறந்து, ஆளைக் காணோம் என்று மேடையில் போய்ச் சொன்னாள். மைக் பிடித்திருந்த ஜஸ்டசும் எல்லாத் திருவிழாவிலும் சொல்கிற வாசகத்தைச் சொன்னார்: "ஷாஜன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும், உங்கள் தாயார் காத்திருக்கிறார்." வந்துவிட்டான். தங்கபாய் ஆச்சரியப்படவில்லை. "ஏலே, நனைஞ்சுட்டியே" என்று தலையைத் துவட்டிவிட்டாள். கடைசி நாள் வாணவெடி முடிந்ததும் அவன் வந்த வழியே ஆற்றில் இறங்கிப் போனான். அதுவரை லிப்டு அந்தரத்தில் நின்றதாம், உள்ளே இருந்த ஷேக்கும் பொறுமையாக நின்றாராம்.

மறு ஆண்டு முதல் ஊரே வெளியூர்ப் பிள்ளைகளை மைக்கில் கூப்பிடச் சொன்னதால், விழாக் கமிட்டிக்கு வருகையாளர் வசதி பெரும்பாடாகிவிட்டது. படித்துறையில் உடைமாற்றும் கொட்டகை போட்டார்கள், துண்டு கொடுக்க ஆள் வைத்தார்கள், பூங்கனி அண்டா அண்டாவாகச் சுக்குக் காப்பி கொதிக்கவைத்தாள். துண்டு காயப்போட்ட கொடி மண்டைக்காடு வரை நீண்டது. டொரன்டோவிலிருந்து வந்தவர்கள் சட்டைப் பையில் பனிக்கட்டியோடு கரையேறினார்கள். அதைப் போட்டுக் கலக்கிய சர்பத்தைக் குடிக்க முட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். களியலாட்டம் ஆடியவர்களில் பாதிப்பேர் அந்த நேரத்தில் சவுதியில் டியூட்டியில் இருந்தார்கள். வெடி முடிந்ததும் எல்லாரும் இறங்கிப் போவார்கள். ஊர் அடுத்த சித்திரைக்குக் காத்திருக்கும்.

செருப்புக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டது வடிவாம்பாள். முகத்தைப் பார்க்காமலே, பாதத்தைப் பார்த்துச் செருப்பை எடுத்துக் கொடுப்பாள். அவளுடைய இருபதாவது வயதில் ஆனந்தகிருஷ்ணன் பெண் பார்க்க வந்து, கேசரியை மிச்சம் வைக்காமல் தின்று, அகமதாபாத்துக்கு வேலைக்குப் போனார். தரகர் சொன்ன ஏதோ ஒரு சொல்லில் இரு வீட்டாரும் முறைத்துக்கொண்டார்கள். வேறு மாப்பிள்ளைக்கு வடிவாம்பாள் கேசரி கிண்டவில்லை.

"ஏட்டி வடிவு, ஊருக்கெல்லாம் ஆளு வருது. ஒனக்குக் கூப்பிட ஆளில்லியா?" என்று பூங்கனி ஆண்டுதோறும் சீண்டுவாள். தலை முழுக்க நரைத்த ஆண்டில் வடிவாம்பாள் டோக்கன் பையோடு எழுந்து மேடையோரம் போனாள்.

"அண்ணாச்சி, அவியள ஒருக்கக் கூப்பிடணும். பாத்தாப் போதும்."

ஜஸ்டஸ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "கூப்பிடலாம் வடிவு. ஆனா யாரு காத்திருக்கான்னு சொல்லணும்லா? தாயாருன்னா தாயாரு, சம்சாரம்னா சம்சாரம். நீ அவருக்கு யாரு?"

"பாத்துட்டுப் போன பொண்ணு."

"அத மைக்குல சொன்னா உனக்க அண்ணமாரு எனக்க பல்லக் கழத்திருவானுவ."

சொன்னாரே ஒழிய, அவளுடைய முகத்தைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. ஒரு பெண் ஓர் ஆணைக் கூப்பிட்டால்தானே ஊர் பேசும்? ஆண் கூப்பிட்டதாக இருக்கட்டும், ஆனந்தகிருஷ்ணன் என்ற பெயர் ஆற்றின் காதில் விழுந்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று வாசகத்தை மரியாதையாகத் திருப்பிப் போட்டார்: "கடவுமூலை வடிவாம்பாள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும். ஆனந்தகிருஷ்ணன் அகமதாபாத்தில் காத்திருக்கிறார்."

ஜஸ்டஸ் சொன்னதை ஆறு அப்படியே செய்தது. மேடையோரம் நின்ற வடிவாம்பாள், யாரோ தோளைத் தொட்டதுபோலத் திரும்பினாள். கூட்டம் விலகியது. டோக்கன் பையைப் பூங்கனியிடம் நீட்டி, "செருப்ப மாத்திக் குடுத்துராத" என்றாள். படித்துறையில் குனிந்து முகம் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள்போல் இறங்கினாள். ஆறு நின்று வழிவிட்டது என்று சிலர் சொல்வது மிகை. ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது, மீன்கள்தான் நின்றன.

வெடி முடிந்தது. அவள் திரும்பவில்லை. கடவுமூலை வெடி கடவுமூலைக்கு வந்தவர்களைத்தான் அனுப்பிவைக்கும். அகமதாபாத்தில் யார் வெடி போடுவது? அங்கிருந்து வந்த ஒருவர், ஒரு வீட்டு மாடிப்படியில் நரைத்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்க, நரைத்த ஆண் ஒருவர் அவளுடைய தலையைத் துவட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அது வடிவாம்பாள்தானா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

செருப்புகள் இப்போது மாறித்தான் போகின்றன. வலது ஒருவருக்கு, இடது இன்னொருவருக்கு. ஒவ்வொரு சித்திரையிலும் பூங்கனி மேடைக்கு வருவாள். "வேய், வடிவ ஒரு தடவ கூப்பிடும். பாத்துக்கிடலாம்லா?"

ஜஸ்டஸ் மைக்கை வாயருகே கொண்டுபோவார். பிறகு இறக்குவார்.

"கூப்பிட்டா வந்துருவா பூங்கனி. வெடி திருப்பி அவருகிட்டயே அனுப்புமான்னு யாருக்குத் தெரியும்? அதாக்கும் பயம்."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மஸ்கட்டில் இருக்கும் யாருடைய மகனையோ கூப்பிடுவார். பூங்கனி துண்டை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போவாள்.