ஜவுபர் கடலேறிய நாள்

சவளக்கடையில் வயல் செய்யும் ஜவுபருக்குக் கடல் என்றாலே பயம். பெண்ணெடுத்ததோ கல்முனையில், மீன்பிடிக் குடும்பத்தில். மனைவியின் தம்பி ஜெஸீம் புதிதாக வாங்கிய போட்டின் முதல் ஓட்டத்துக்கு அவரை அழைத்தான். நாலு பேர் முன்னால் கேட்டதில் வீறாப்பு வந்துவிட்டது.

"வெள்ளத்துல வயல் காத்தவனுக்கு அல என்னடா அல?"

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வாயை என்ன செய்யலாம் என்று யோசித்தார்.

மறுநாளே ஆயத்தம் தொடங்கியது. உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏறி, குண்டும் குழியுமான வாய்க்கால் ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தார். இஞ்சியை மென்று மென்று நாக்கு மரத்துப்போனது. அடிவானத்தைப் பார்த்தால் தலை சுற்றாது என்று போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, வரப்பில் நின்று நாவிதன்வெளிப் பக்கம் வெறித்துப் பார்த்தார். தெரிந்தது பக்கத்து வயல்காரரின் எருமை மட்டும்தான்.

"பயமெண்டா போகாம இரிங்களன்," என்றாள் மனைவி ஹாஜறா.

"பயமா? எனக்கா? இது முன்னேற்பாடு." சொன்ன குரல் மெலிந்துபோயிருந்ததைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்தது.

போகிற அன்று சுபஹு தொழுதுவிட்டு, வாந்தி வராமலிருக்கப் பாமசியில் வாங்கிய குளிசையில் ஒன்றைப் போட்டார். கரையில் நின்று அலையின் உயரத்தைக் கண்டதும் பிஸ்மி சொல்லி இன்னொன்றையும் போட்டார். போட்டில் ஏறி, கண் சொக்க வலைக்குவியலில் சாய்ந்தது வரைதான் ஞாபகம்.

"மச்சான், எழும்புங்க. கர வந்திட்டு!" ஜெஸீம் தோளை உலுக்கினான். வெயில் சாய்ந்திருந்தது. "பேய்க் கடல் மச்சான். நம்மட ஆக்கள்லயே ரெண்டு பேருக்குச் சத்தி, திண்டதெல்லாம் வெளிய வந்திட்டு. நீங்க என்னடாண்டா குறட்ட!"

ஜவுபருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதெல்லாம் ஒரு கடலா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மணலில் குதித்தார்.

குதித்ததும் மணல் ஒரு பக்கமாகச் சரிந்தது. தென்னைகள் சாய்ந்து சாய்ந்து எழுந்தன. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மீன் வாங்க வந்த கூட்டத்தின் நடுவே, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஜெஸீம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. ஜவுபர் மணலிலேயே உட்கார்ந்து வாயைத் துடைத்தார்.

"சிரி தம்பி, நல்லாச் சிரி. கடல் எனக்கு ஒண்டும் செய்யல்ல. கரதான் ஒத்துவரல்ல."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு கரையே சிரித்தது.

திரீவீலரில் ஏற்றியபோது ஹாஜறாவின் அழைப்பு வந்தது.

"கடல் எப்பிடி இரிந்திச்சு?"

"நான் பாக்கல்ல ஹாஜறா," என்றார். "நல்ல நித்திர."