தொட்டி அலசிய காலை

பானுமதி மீன் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கற்களைச் சாக்கில் கொட்டிப் பரப்பினாள். ஜன்னலுக்கு உள்ளே, கட்டிலில் படுத்திருந்த அப்பா குரல் கொடுத்தார்.

"பில்டர் ஸ்பாஞ்ச கழுவாத கண்ணு. தூக்கிப் போட்ரு. சீக்கு அதுலதான் ஒட்டியிருக்கும்."

"செரிப்பா."

"வலையயும் பிளீச்சிங் தண்ணியில முக்கி வையி."

அப்பாவின் பெயர் மாது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கடத்தூரைச் சுற்றி அவர் ஏறாத கம்பம் கிடையாது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனபின் கட்டிலே கதியாகிவிட்டது. டிவி சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே ஸ்டூலில் இருந்த தொட்டியைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டு கிடப்பார். கணவனை விட்டுப் பொம்மிடியிலிருந்து திரும்பி வந்திருந்த பானுமதிதான் அவருக்கு எல்லாம் செய்தாள்.

போன மாதம் ஓசூரிலிருந்து அண்ணன் தமிழ்மணி வந்தான். கையில் பிளாஸ்டிக் கவரில் இரண்டு தங்க மீன்கள்.

"தனியா பக்கெட்டுல வுட்டு வெச்சு, கொஞ்ச நாள் பாத்துட்டுப் போடுறா," என்றார் அப்பா.

"ஒண்ணும் ஆவாதுப்பா. கடைக்காரன் நல்லா தெரிஞ்சவன்." தமிழ்மணி கவரை அவிழ்த்துத் தொட்டியில் கவிழ்த்தான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிட்டான்.

அடுத்த வாரம் மீன்களின் மேல் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மருந்து ஊற்றியும் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன. பார்க்காமல் இருக்கலாமென்றால், வேறு பக்கம் திரும்பிப் படுக்கவும் அப்பாவால் முடியவில்லை.

பிளீச்சிங் தண்ணீரை வடித்துவிட்டு பானுமதி மோட்டாரைப் போட்டாள்.

"வாசம் போற வரைக்கும் அலசு. கொஞ்சம் தங்குனாலும் புது மீனு செத்துரும்."

அவர் பேசி அவள் கடைசியாகக் கேட்டது அதுதான். மோட்டார் இரைச்சலில் அதற்குமேல் அவர் கூப்பிட்டாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. தொட்டியை வெயிலில் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையோடு உள்ளே வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

போனில் அண்ணன் கத்தினான். "தனியா வுட்டுட்டு என்ன பண்ணிட்டு இருந்த?"

"தொட்டி கழுவிட்டு இருந்தேன்."

அந்தப் பதில் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. தமிழ்மணி வந்து இறங்கி, மாலையைப் போட்டு அழுது முடித்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். "மீன் தொட்டி கழுவிட்டு இருந்திருக்காங்க. பக்கத்துல ஆள் இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்காவது தூக்கிட்டுப் போயிருக்கலாம்."

கேட்டவர்கள் எட்டி அவளைப் பார்த்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராமக்காள் அத்தைக்கும் அது எட்டியது. இறந்தவரின் அக்கா அவள்.

"ஏண்டி, கெடையா கெடக்கிற மனுசன வுட்டுட்டு இன்னைக்குன்னு எதுக்குத் தொட்டிய கழுவுன?"

பானுமதி நிமிர்ந்தாள். வாசலில் நின்ற தமிழ்மணியைப் பார்த்தாள். அவன் சட்டென்று தெருப்பக்கம் திரும்பி, "வண்டி வந்துருச்சா?" என்று யாரையோ கேட்டான்.

"மீனெல்லாம் செத்துப்போச்சு அத்த," என்றாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தன. தமிழ்மணிக்கு அவளே இலை போட்டாள். அவன் தலை குனிந்து சாப்பிட்டான். பாதி இலை காலியானபின் தணிந்த குரலில், "காரியம் முடியட்டும் பானு. புது மீனா வாங்கி வுட்ரலாம்," என்றான்.

பானுமதி பாத்திரத்தில் இருந்த சோற்றை அள்ளினாள். அவன் போதும் என்று இலையைக் கையால் மறித்தான். அவள் கையை நிறுத்தவில்லை. சோறு அவன் புறங்கையில் விழுந்தது.