இரண்டாம் படிக்கான ரொக்கெட்

சிவசோதி கதிரையில் ஏறி நின்று ஹோலில் கடைசியாக மிஞ்சியிருந்த புகை அலாரத்தையும் கழற்றினான். பற்றரி இறங்கினால் அது விட்டுவிட்டுக் கத்துமாம். நேற்றுக் காலையில் அவனுடைய அண்ணன் நித்தியானந்தன் கராஜில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுதலே உயிரை விட்டிருந்தார். இன்று டண்டினொங் ஊரிலிருக்கிற சொந்தபந்தம் முழுக்க இந்த வீட்டில்தான். அதற்கிடையில் இந்தக் கீச்சுச் சத்தம்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு அண்ணி. பிறகும் கத்துது," என்றான் சிவசோதி.

நித்தியானந்தனின் மனைவி விஜயா தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்தப் படத்தைப் பெரிதாக்குவது, எந்த வேட்டியை உடுத்துவது, கனடாவுக்கு யார் சொல்வது என்று விடிந்ததிலிருந்து ஆளாளுக்கு அவளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எந்த நாளும் கராஜே கதியென்று கிடந்த மனுசன், சாகவும் அங்கேதான் போனார் என்ற எரிச்சலே அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அழுகை அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

எல்லாம் ஒரு மட்டைக் குழல் ரொக்கெட்டில் தொடங்கியது. அதோடு நின்றிருக்கலாம். போன வருஷம் ரொக்கெட் கிளப்பில் முதலாம் படி தேறியதும், ஏதோ டொக்டர் பட்டம் வாங்கியவர் போலச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினார். பிறகு இரண்டாம் படி. அதற்குப் பெரிய மோட்டர் வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், உயரத்தைத் தானே அளந்து பரசூட் குடை விரிக்கிற குட்டிப் பெட்டியொன்றும் வேண்டும். ரிட்டயரான பிறகு கோயில் குளமென்று போகாமல், குசினிக்குள் வந்து நின்று பாடம் நடத்துவார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பாள். அவர் சொன்ன ஒரு சொல்லும் தன் தலைக்குள் ஏறவில்லையென்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

அந்த இரண்டாம் படி ரொக்கெட் இப்போது ஹோலில் நின்றது. ஆளுயரத்துக்கும் மேலே, தபால்பெட்டிச் சிவப்பு. அண்ணன் ஆசைப்பட்டுச் செய்தது, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சிவசோதிதான் கராஜிலிருந்து தூக்கி வந்தான். அதை ஒட்டினாற்போலக் குத்துவிளக்கு. விளக்கு நூரக்கூடாதென்று ஒரு அன்ரி பக்கத்திலேயே இருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தா.

கீ, கீ, கீ. கொஞ்சம் பொறுத்து மறுபடி, கீ, கீ, கீ.

விஜயா தேத்தண்ணித் தட்டத்தோடு அப்படியே நின்றாள். புகை அலாரம் ஒருதரம்தான் கத்தும். இது மூன்றுதரம் கத்துகிறது. குசினி வாசலில் அவர் சொன்னது அவளுக்கு அச்சொட்டாக ஞாபகம் வந்தது. "பெட்டி மூண்டு தரம் கத்தினா ரெண்டு மருந்தும் ரெடி, விஜயா. முதல் மருந்து உச்சியில வெடிச்சுச் சின்னக் குடையைத் தள்ளும். மற்றது கீழ வரேக்க வெடிச்சுப் பெரிய குடையைத் தள்ளும்."

வெளியில் கொண்டுபோய்த்தான் பெட்டியின் சுவிச்சைப் போடவேணுமென்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன், நேற்றுக் கராஜுக்குள்ளேயே போட்டிருக்கிறார். சத்தம் வருகிறதா என்று பார்க்கப் பொறுமையில்லை.

"சோதி, விளக்கை நூத்துவிடும்."

"என்ன அண்ணி சொல்லுறியள்? விளக்கை நூக்கக் கூடாது. அன்ரியாக்கள் இருக்கினம்."

"உந்த ரொக்கெட்டுக்குள்ள வெடிமருந்து கிடக்கு. கத்துறது அதுதான்."

அன்ரியின் கை எண்ணெய்ப் போத்தலோடு அந்தரத்தில் நின்றது. விஜயா தானே குனிந்து விளக்கை ஊதினாள். யாரோ "ஐயோ" என்றார்கள்.

"எல்லாரும் பின்வளவுக்குப் போங்கோ. கதவைப் பிறகு பூட்டலாம், முதல் போங்கோ."

"அம்மா, ட்ரிபிள் ஸீரோவுக்கு அடிச்சு ஃபயர்காரரைக் கூப்பிடட்டா?" என்றாள் மகள் துவாரகா.

"நேற்று அம்புலன்சுக்கு அடிச்சது காணும். நீயும் போ."

சுவிச், குழலின் நடுவில் ஒரு சின்ன ஓட்டைக்குள் இருந்தது. அதைத் திருப்ப அவளுடைய தையல் மெஷினின் ஸ்க்ரூ ட்ரைவர்தான் அளவென்று கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார். திருப்பி வைத்ததாகச் சரித்திரமில்லை. மெஷினின் இழுப்பு லாச்சியில் அது இல்லை. கராஜ் மேசையிலும் இல்லை. பிறகு அது எங்கே இருக்குமென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவருடைய உடுப்பைப் போட்டுத் தந்த பை கட்டிலுக்கடியில் கட்டு அவிழ்க்காமலே கிடந்தது. சேர்ட்டை நடுவால் வெட்டியிருந்தார்கள். பசை மணத்தோடு அவருடைய மணமும் வந்தது. "ஒரு சாமானை எடுத்தா வைக்கத் தெரியாது," என்று சொல்லிக்கொண்டே பொக்கற்றுக்குள் கையை விட்டாள். இருந்தது.

வெறும் ஹோலில், முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, ஸ்க்ரூ ட்ரைவரை ஓட்டைக்குள் விட்டுத் திருகினாள். கீ, கீ என்றது. மூன்றாவது வரவில்லை.

ரொக்கெட்டைத் தானே சரித்துத் தூக்கிப் பின்வளவுப் புல்லில் கிடத்தினாள். உதவிக்கு வந்தவர்களைக் கிட்ட விடவில்லை. பற்றரியைக் கழற்றி, வயர்களை இழுத்து, மருந்தை வாளித் தண்ணீருக்குள் கொட்டினாள். ஒரு தேக்கரண்டிகூட வராது, இதற்குத்தான் இவ்வளவு பாடு. சனம் மெல்ல மெல்ல வீட்டுக்குள் போகத் தொடங்கியது. யாரோ திரும்ப விளக்கேற்றத் தீப்பெட்டி தேடினார்கள்.

சிவசோதி பக்கத்தில் வந்து குந்தினான். "இதெல்லாம் உங்களுக்கு எப்பிடி அண்ணி தெரியும்?"

"தெரியாம? வருஷக்கணக்காச் சொன்ன மனுசன்." அவள் குழலுக்குள்ளிருந்து சின்னக் குடையை இழுத்தெடுத்தாள். "இஞ்ச பாரும். ஒரே குடையெண்டா உச்சியிலயே விரிஞ்சிடும். பிறகு காத்து இழுத்துக்கொண்டுபோய் ஆரின்ரையோ காணிக்குள்ள போடும். அதுக்குத்தான் ரெண்டு. முதல் சின்னது, அது கெதியா இறக்கும். பிறகு நிலத்துக்குக் கிட்ட வரேக்க..."

"ஓம் அண்ணி, ஓம்," என்றான் சிவசோதி. அவன் கண் கைபேசியில் இருந்தது. பிரேதத்தை வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து செய்தி வந்திருந்தது.

விஜயா நிறுத்தினாள்.

"நீர் கேக்கேல்ல, சோதி," என்றாள். "போனை உள்ளுக்கு வையும்."

அவன் வைத்தான். அவள் குடையை மடியில் விரித்து, சுருக்குகளைக் கையால் நீவிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.