முடிவு வராத வார்டு

தகன மையத்தின் வாசலில் வண்டியிலிருந்து தங்கையை இறக்கிக்கொண்டிருந்தபோது பெரியவளின் கைபேசி அடித்தது. யாரென்று பார்க்காமலே எடுத்து, "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்றாள்.

வாய்ப்பழக்கம். துணி துவைக்கும் இயந்திரங்கள் விற்கிற நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்க அவள் சொல்கிற வாக்கியம் அது. பக்கத்தில் நின்ற அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். மறுமுனையில் ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னவளுடைய கல்லூரியிலிருந்து பேசுவதாகவும், மாணவர்களை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பும் ஒருங்கிணைப்பாளர் தான்தான் என்றும் சொன்னது.

சின்னவள் பிசியோதெரபி கடைசி வருடம். பயிற்சியைப் பிள்ளைகள் போஸ்டிங் என்பார்கள். "நீ சம்பளம் வாங்கிட்டுத் திட்டு வாங்கற, நான் சம்பளமே இல்லாம வாங்கறேன். நம்ம ரெண்டு பேர்ல யாரு ஏமாளிக்கா?" என்று போன மாதம்கூடக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஒருங்கிணைப்பாளர் இழப்பின் வலி தனக்குப் புரிகிறது என்றார். வார்த்தைகளே வரவில்லை என்றார். அப்புறம் வந்த வார்த்தைகள் நிறைய. பெரியவளுக்கு அந்த வரிசை அத்துப்படி. முதலில் வருத்தம், அடுத்து நாங்கள் உங்களோடு இருக்கிறோம், கடைசி வரைக்கும் தவறு யாருடையது என்ற பேச்சே வராது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். இன்று அதே வரிசை அவள் காதிலேயே விழுந்தது.

சாயங்காலம் வீடியோவில் இரங்கல் கூட்டம் வைத்திருப்பதாகவும் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றும் சொல்லிவிட்டு, அவர் குரலைத் தணித்தார். "ஒண்ணே ஒண்ணுமா. இதைப் போஸ்டிங்கோட சேர்த்து வெளியில பேசிட வேண்டாம். மத்த பேரன்ட்ஸ் பயந்துடுவாங்க. பொண்ணோட கொரோனா ரிசல்ட் இன்னும் வரலயே."

"ரிசல்ட் வராமத்தான் பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்திருக்காங்களா, சார்?"

"அது பாடிக்கு உள்ள புரொசீஜர்மா."

அதற்குள் அப்பா கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூட ஆபீசில் மணியடித்து, கோப்பு தூக்கி, டீ வாங்கிக் கொடுத்தே தலை நரைத்தவர். வாத்தியார் என்றால் போதும், உடம்பு தானாக விறைத்துக்கொள்ளும். மகள் ஸ்ட்ரெச்சரில் கிடக்க, அவர் முதுகை நிமிர்த்தி நின்று, "சொல்லுங்க சார், ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கல்லூரி வாக்குத் தவறவில்லை. எந்த மாணவரையும் கொரோனா வார்டில் போட மாட்டோம் என்றார்கள், போடவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களின் வார்டில் போட்டார்கள். முடிவு வரும்வரை அவர்கள் சாதாரண நோயாளிகள். சாதாரண நோயாளிக்குச் சாதாரண மாஸ்க் போதும், காதில் மாட்டுகிற அந்த நீலத் துணி. கெட்டியான மாஸ்க் ஊழியர்களுக்கு மட்டும். மாணவர்கள் ஊழியர்கள் இல்லை. ஆனால் வேலை மட்டும் ஊழியர் வேலை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டி, நெஞ்சுச் சளி கலங்கியதும் நல்லா இருமுங்க, இன்னும் நல்லா இருமுங்க என்று சொல்ல வேண்டும். ஊரே இருமலுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்த நாளில், எதிரே நின்று இருமச் சொல்வதுதான் இவளுடைய படிப்பு.

மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே என்று பெரியவள் ஒருநாள் போனில் கத்தினாள். மாஸ்க் கேட்டேன், ஸ்டூடன்ட்ஸ் கணக்கில் வராது என்றார்கள் என்று சின்னவள் சொன்னாள். அப்புறம், "மார்க் அவங்க கையில இருக்குக்கா" என்றாள்.

இப்போது அவளைத் தூக்கிப் போக வந்த இரண்டு பேருக்கும் தலை முதல் கால் வரை கவச உடை, கண்ணாடி, இரட்டைக் கையுறை. இருக்க வேண்டியதுதான். அவர்கள் மேல் பெரியவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. செத்த பிறகு கிடைக்கிற மரியாதையில் கால்வாசி உயிரோடு இருக்கும்போது கிடைத்திருந்தால் என்று நினைத்தபோதுதான் ஆத்திரம் வந்தது. முகத்தைக் காட்டச் சொல்லி அப்பா கேட்டார். முடியாது என்று தலையசைத்துவிட்டு உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே, தெருவின் எதிர்ப்பக்கத்து மரத்தடியில் தடித்த கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி தனியாக நின்றாள். சின்னவள் எந்நேரமும் சோடாபுட்டி, சோடாபுட்டி என்று சொல்லிக்கொண்டிருந்த தோழி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். பெரியவள் கிட்டே போகப் போக, அவள் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"கிட்ட வராதீங்கக்கா. நான் அவகூடவே படுத்திருந்தவ."

உன்னை ஒதுக்கி வைக்கவில்லையா, டெஸ்ட் எடுக்கவில்லையா என்று பெரியவள் கேட்டாள். சின்னவளுக்கு முடிவு வந்தால்தான் இவளுக்கு எடுப்பார்களாம். அதுவரைக்கும் இவளும் சாதாரணம்.

"நாளையிலேருந்து அவ பாத்துக்கிட்டிருந்த பெட் எல்லாம் எனக்கு மாத்திட்டாங்க."

"போகாத."

"எல்லாரும் போறாங்கக்கா. நான் ஒருத்தி மட்டும் எப்படிப் போகாம இருக்கறது? ஒரு நாள் விட்டாலும் போஸ்டிங் மொத்தமும் முதல்லேருந்து பண்ணணும். வருஷமே போயிடும்."

பெரியவளுக்கு அந்தப் பெண்ணை ஓங்கி அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தூரம் அதிகம். வீட்டுக்குப் போ, யார் கண்ணிலும் படாமல் படு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலக் கூட்டத்துக்கு அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு உட்கார்ந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள், எல்லாரும் வெள்ளைக் கோட்டில். அப்படித்தான் வரச் சொல்லியிருந்தார்களாம். நடுவில் சின்னவளின் படம். அதன் கீழே "தியாகச் சுடர்" என்று தங்க எழுத்து. சோம்பேறி, வாயாடி, குளிக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறவள். இருபத்திரண்டு வயதில் அவளைச் சுடராக்கிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் முன்களம் என்றார், அர்ப்பணிப்பு என்றார், வருங்கால மாணவர்களுக்கு முன்மாதிரி என்றார். அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார். திரையில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். எல்லாருக்கும் நன்றி என்று தொடங்கி, அதற்கு மேல் வராமல் நின்றார்.

பெரியவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் தங்கச்சி தியாகம் பண்ணல. அவ மாஸ்க் கேட்டா. மாஸ்க் கேக்கறவ சாக வந்தவ இல்ல, படிக்க வந்தவ. குடுக்காதவங்க இப்ப பட்டம் குடுக்கறாங்க. நாளைக்கு அவ பெட்டுக்கு இன்னொருத்திய அனுப்பறாங்க, அவளுக்கும்..."

அவளுடைய ஒலியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். திரை ஓரத்தில் மைக் படத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் மிகுந்த கனிவோடு சொன்னார். அவள் நிறுத்தாமல் பேசினாள். அவள் வாயசைவதை அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தபோதும் பேசினாள். கடைசியில், நாளை போஸ்டிங் வழக்கம்போல உண்டு, அனைவரும் கறுப்புப் பட்டை குத்தி வரவும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

"சார் மனசு கஷ்டப்பட்டிருக்கும்மா," என்றார் அப்பா.

"படட்டும்ப்பா," என்றாள். அவர் சட்டையைக் கழற்றாமலே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவள் செருப்பு மாட்டும்போது எங்கே என்று கேட்டார். "போஸ்டிங்குக்கு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியின் பக்கவாட்டில் மாணவர்கள் நுழைய ஒரு சின்ன கேட். நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற கருவியோடு காவலாளி ஒருவர் நின்றார். அவருக்கும் நீல மாஸ்க்தான். நோயாளியைப் பார்க்க வந்தீங்களா, அது பெரிய கேட் என்று சொன்னார். இல்லை, இங்கேதான் என்று சொல்லிக் கேட்டுக்கு நடுவே நின்றுகொண்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தள்ளிப் போகச் சொல்லவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று பேராக வந்தார்கள். கோட்டில் கறுப்புப் பட்டை. அவளைத் தெரியாதவர்கள் யாருமில்லை, நேற்று வாயசைத்தவள். கிட்டே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் நடைபாதையிலேயே தயங்கினார்கள். எல்லாருக்கும் கடைசியில் சோடாபுட்டி வந்தாள், மற்றவர்களை விட்டு விலகி.

"வழி விடுங்கக்கா. லேட்டானா ஆப்சென்ட் போட்டுடுவாங்க."

"உனக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"இல்லக்கா."

"உள்ள ஒரு கிழவர் படுத்திருப்பாரு. அவருக்கு வெறும் சளியா இருக்கும். நீ போய் முதுகத் தட்டுவ. உங்கிட்டேருந்து அவருக்கு வந்தா, அதுக்கு எந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதுவாங்க?"

பெரியவள் குரலை உயர்த்தவில்லை. புகார் சொல்கிறவரிடம் பேசுகிற அதே நிதானம்தான் வந்தது, அதற்காகவும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நடைபாதையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. டெஸ்ட்டே எடுக்கலயா என்று யாரோ ஒருத்தி கேட்டாள். ரூம்மேட்டுக்குக்கூடவா என்றான் இன்னொருவன். பேச்சு வரிசையில் பின்னால் வரை போனது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் தன் கோட்டின் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினான்.

சோடாபுட்டி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மணியடித்தது. காவலாளி கேட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். யாரும் அசையவில்லை.

பிறகு சோடாபுட்டி தள்ளிப்போய், சுவரோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பைக்குள் கைவிட்டு, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த டப்பாவை எடுத்தாள். மற்றவர்களும் கைக்கெட்டாத இடைவெளி விட்டு ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள்.

டப்பாவைத் திறந்துவிட்டு, சாப்பிடுவதற்காக அவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். அந்தப் பெண்ணின் முழு முகத்தையும் பெரியவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். மோவாயில் ஒரு பரு இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, மதியச் சாப்பாட்டைக் காலை எட்டு மணிக்கு மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினாள்.