எடுக்க வேண்டாத பல்

மௌரீனுக்கு வலித்தது இடது பக்கக் கடைவாய்ப்பல். டாக்டர் லாயிட் பிடுங்கியது வலது பக்கக் கடைவாய்ப்பல்.

ஊசியின் மரமரப்பு இருந்த வரைக்கும் விஷயம் யாருக்கும் தெரியவில்லை. விவேக் நகர் வீட்டில், பஞ்சைக் கடித்தபடியே ஒரு கல்யாண கவுனுக்கு லேஸ் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம், வலி பழைய இடத்திலேயே பழைய தெம்போடு எழுந்து உட்கார்ந்தது. நாக்கை விட்டுத் துழாவினாள். வலிக்கிற பல் கல்லுமாதிரி நின்றது. எதிர்ப்பக்கத்தில் பள்ளம்.

"என்னங்க, டார்ச் அடிச்சு வாயைக் கொஞ்சம் பாருங்க."

அவள் புருஷன் யூஜின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். குனிந்து பார்த்தார். "எந்தப் பல்லு வலிச்சுது உனக்கு?"

தொட்டுக் காட்டினாள்.

"அது இருக்கே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் காலையிலேயே கிளினிக்கில் போய் நின்றாள். லாயிட் சிரிப்புக்குப் பேர்போனவர். சண்டைக்குப் போகிறவர்கள்கூட அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதிக் கோபத்தை மறந்துவிடுவார்கள். மீதியை அவர் பஞ்சு வைத்து அடைத்துவிடுவார். மௌரீன் நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவரிலிருந்த விளக்குப் பெட்டியில் அவளுடைய எக்ஸ்ரே இன்னும் மாட்டியபடி இருந்தது.

"டாக்டர், அதுல என் பேரே உல்டாவா இருக்கு."

லாயிட் எட்டிப் பார்த்தார். படத்தை மெல்லத் திருப்பி மாட்டினார். சிரிப்பு மட்டும் மாறவில்லை. "அந்தப் பல்லும் ரெண்டு வருஷத்துல கெட்டுத்தான் போயிருக்கும்மா. முன்னாடியே எடுத்தாச்சு, அவ்ளோதான். உட்காருங்க, இடது பக்கத்தை ஃப்ரீயா எடுத்துடறேன்."

"நான் கவுனுக்குக் கையை மாத்தித் தைச்சா பொண்ணோட அம்மா என் மூஞ்சியில விட்டெறிவா. நானும் பிரிச்சு ஒழுங்கா தைச்சுக் குடுப்பேன். நீங்க எடுத்ததை மறுபடி நடுவீங்களா?"

லாயிட் சிரித்தபடியே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மௌரீன் வலி பொறுக்காமல் இரண்டு நாளில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனாள். இடது கன்னத்தில் தையல் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'இது' என்று எழுதிக்கொண்டு போனாள். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்பு காட்டிய பல்லையே எடுத்தார்.

பிறகு, டாக்டர்கள்மேல் வரும் புகாரை விசாரிக்கிற ஆபீசுக்கு மூன்று நகலில் எழுதிக் கொடுத்தாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. புகார் சம்பந்தப்பட்ட டாக்டரின் கருத்துக்கு அனுப்பப்பட்டதாம். தம்மிடம் தவறு எதுவும் இல்லை என்று அவர் கருத்துத் தெரிவித்தாராம். ஆகவே கோப்பு மூடப்பட்டதாம்.

"திருடினியான்னு திருடனையே கேட்டிருக்காங்க. அவன் இல்லைன்னுட்டான். சரி, போயிட்டு வாப்பான்னுட்டாங்க" என்றார் யூஜின்.

மௌரீன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆபீசுக்குப் போனாள். அங்கே குமாஸ்தா ஷோபா கன்னடக்காரி, தமிழும் பேசுவாள்.

"இந்த டாக்டர் மேல வேற யாராச்சும் எழுதியிருக்காங்களாம்மா?"

ஷோபா பின்னாலிருந்த பீரோவைப் பார்த்தாள்; பிறகு கதவைப் பார்த்தாள். "ஸ்வல்ப மெல்லப் பேசுங்க அக்கா. பேரெல்லாம் நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க மொதல் ஆளு இல்ல. ஒவ்வொண்ணும் தனித்தனியா வருது, தனித்தனியாவே மூடறாங்க. ஒண்ணா வெச்சு யாருமே பார்க்கல. அப்பீல் போடுங்க."

அப்பீல் போட்ட கையோடு மௌரீன் ஆள் தேடக் கிளம்பினாள். தேட எங்கேயும் போகவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களின் இடுப்பை அளப்பாள், தோளை அளப்பாள், அப்படியே கேட்பாள்: "லாயிட்கிட்ட பல்லு பிடுங்கியிருக்கீங்களா?" கல்யாணப் பெண்கள் மிரண்டார்கள். ஆனால் கூட வந்த அத்தைகளும் சித்திகளும் வாயைத் திறந்தார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் அல்சூர் கோதண்டராமன். எலக்ட்ரிக் வேலை செய்தவர்.

"எனக்குப் பல்லு மட்டும் போகலம்மா. கீழ் உதடே மரத்துப்போச்சு, ஒரு வருஷமாச்சு" என்றார்.

அப்பீல் விசாரணை நாளன்று மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவரும் லாயிடும் ஒரே காலேஜ். இருவரும் தோளில் தட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் டீ வந்தது.

"பாருங்கம்மா, ஒரே ஒரு பல்லு. மனுஷன்னா தவறு வர்றதுதானே?" என்றார் தலைவர்.

மௌரீன் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒன்பது பேரும் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள்.

"எல்லாரும் 'ஆ' காட்டுங்க."

ஒன்பது வாயும் திறந்தன.

தலைவர் பதறினார். "என்னம்மா இது? ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க!"

"இவ்ளோ நாளும் ஒவ்வொருத்தராத்தான் சார் பார்த்தீங்க."

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் அதிதி சிரித்துவிட்டாள். உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனாள். கோதண்டராமன் முறை வருவதற்குள் யாரோ அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டார்கள். குடித்தார். டீ உதட்டோரமாக வழிந்து, தாடையில் இறங்கி, வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவருக்குத் தெரியவில்லை. நிம்மதியாக அடுத்த வாய் குடித்தார்.

அதிதி தன் கைக்குட்டையை நீட்டியபோதுதான் அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். "மறுபடியுமா?" என்று கூச்சத்தோடு சிரித்தார்.

லாயிட் சிரிக்காமல் இருந்ததை மௌரீன் அன்றுதான் பார்த்தாள்.

ஆறு மாதம் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது.

"ஆறே மாசமா? உன்னையும் சேர்த்துப் பத்துப் பேர் வாயைக் கெடுத்ததுக்கா?" என்று யூஜின் குதித்தார். லாயிட் கிளினிக் வாசலில் 'புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது' என்று போர்டு தொங்கியது.

உத்தரவின் நகல் வாங்க மௌரீன் ஆபீசுக்குப் போனாள். ஷோபா பீரோவைத் திறந்து, நாடா கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய புகார்கள், புதிய புகார்கள், எல்லாம் ஒரே கட்டாக இருந்தன.

"இனிமே அவர் மேல யார் எழுதினாலும் இதோடதான் சேரும் அக்கா. தனியா மூட முடியாது."

மௌரீன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம்.

"ஆறு மாசம் என்னைக்கு முடியுதுன்னு குறிச்சு வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன் அக்கா."

"நானும்தான்" என்றாள் மௌரீன்.