நல்ல கிருமி

சுத்தத்தைப் பற்றி அவளிடம் யாரும் வாய் திறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தி, கத்தரிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, தட்டில் அடுக்கித் தருவதுதான் அவள் வேலை. பஸ் ஓட்டிவிட்டு வரும் கணவரைக்கூட வாசலிலேயே நிறுத்தி, கையைக் கழுவச் சொல்லித்தான் உள்ளே விடுவாள். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. "உள்ள வரலாமா டாக்டர்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் கழுவுவார்.

அந்த வாயாடி மனிதரைத்தான் பக்கவாதம் அடித்துப் போட்டது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் அடியோடு போயிற்று. மாதக்கணக்கில் வெறும் ஆ, ஊதான். பிறகு ஒரு காலை, கூடத்தில் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை முழுசாக வந்து விழுந்தது.

"மாமியார்."

தொட்டியிலேயே பெரிய தங்கமீனுக்கு அவர் வைத்த பெயர் அது. உப்பிய கன்னம், பிதுங்கிய உதடு, எதைப் போட்டாலும் குறை சொல்கிற முகம். அவளுடைய அம்மா வந்திருக்கும் நாட்களில் வேண்டுமென்றே அதைப் பெயர் சொல்லிக் கொஞ்சி வம்புக்கிழுப்பார். இப்போது பெண்டாட்டி பெயர் வரவில்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்க வரவில்லை, இது வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த ஒரு வார்த்தையக் கெட்டியா பிடிச்சுக்கோங்க அக்கா. அடுத்த வார்த்தை இது பின்னாலதான் வரும்" என்றாள். அந்த அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவள் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசித்தாள். தன்னைத்தான் கூப்பிடுவார் என்று உள்ளூர ஓர் ஆசை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

மனிதர் இன்னும் கொஞ்சம் மகிழட்டுமே என்று புது மீன்கள் வாங்கித் தொட்டியில் விட்டாள். அதுதான் வினையாயிற்று. அவற்றோடு நோயும் வந்து இறங்கியது. உடம்பெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. அரிப்புத் தாங்காமல் கற்களில் உராய்ந்து உராய்ந்து, பழையது புதியது என்று பாராமல் எல்லாம் மல்லாந்தன. மாமியார் மட்டும் தாக்குப்பிடித்தது. அதை ஒரு வாளியில் விட்டு, குளியலறையில் வைத்து, மருந்து போட்டுத் தேற்றினாள்.

மீன் தேறியது. ஆனால் நாற்காலியில் இருப்பவர் வாளிக்குள் எப்படிக் குனிந்து பார்ப்பார்? தூக்கிக் காட்டினால் அது பயந்து அடியில் ஒட்டிக்கொண்டது. அவர் காலித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை தேய ஆரம்பித்தது. மாமியார் 'மாமி' ஆயிற்று, அப்புறம் வெறும் 'மா' ஆயிற்று. அவள் லீவு போட்டாள்.

கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்காத குறைதான். செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தாள். பிளீச்சிங் கரைசலை விளிம்புவரை ஊற்றி ஊறவைத்தாள். கற்களைக் கொதிக்கவைத்தாள். வலை, குழாய், வடிகட்டும் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷால் மூலை முடுக்கு விடாமல் தேய்த்தாள். மோட்டாருக்குள் இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது பழுப்பாக வழிந்ததைப் பார்த்துக் குமட்டியது. அதையும் பிளீச்சிங்கில் போட்டு, வேகவைத்து, புதிது மாதிரி ஆக்கினாள். பிளீச்சிங் வாடை போகும்வரை எல்லாவற்றையும் அலசி வெயிலில் காயவைத்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் கழுவியதில்லை.

குளோரினை முறிக்கும் மருந்து வாங்கப் போன இடத்தில் அந்தப் புது மீன்களை விற்ற கடைக்காரர் ஏதேதோ சொன்னார். மீன் விடாமல் ஒரு மாதம் தண்ணீரை ஓடவிட வேண்டுமாம். ஸ்பாஞ்சில் நல்ல கிருமி வளர வேண்டுமாம். அவசரம் என்றால் தன் கடைத் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்சு ஒன்றைத் தருகிறாராம். நோயை விற்றவனே இலவசமாக இன்னொரு தவணை தருகிறானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருட சர்வீஸில் நல்ல கிருமி என்று ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. வேகவைத்த கருவியை உடனே எடுத்தால்தான் சுத்தம், வைக்க வைக்கத்தான் அழுக்கு. அவளுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். அன்றைக்கே மீனை விட்டாள்.

கண்ணாடிபோல் தண்ணீர். மாமியார் கம்பீரமாக ஒரு சுற்று வந்தது. "மாமியார்" என்றார் அவர், குறையில்லாமல். இரவு அவருக்குச் சோறு ஊட்டும்போது அவள் தன்னையறியாமல் முணுமுணுத்துப் பாடினாள்.

சில நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திணறியது. துடுப்பெல்லாம் ரத்தக்கோடு. மறுபடி கிருமிதான் என்று நினைத்தாள். பாவி மகள், ஸ்பாஞ்சை எடுத்து மறுபடி வேகவைத்தாள். விடிந்தபோது மாமியார் பக்கவாட்டில் மிதந்தது.

கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுச் சண்டைக்கு நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். "ஸ்பாஞ்சையுமா வேகவச்சீங்க? மீனோட கழிவைத் தின்னுற கிருமி அதுலதாம்மா இருக்கும். அது இல்லேன்னா தண்ணி விஷம்தான். நோயில பொழச்ச மீனும்மா அது."

அவள் போனை வைத்தாள். திரும்பினால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பேச்சுதான் போயிற்றே தவிர, காது நன்றாகத்தான் இருந்தது.

வலையில் மீனை எடுத்தாள். மறைத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. அவர் முன்னால் வந்து நின்றாள். "நான்தாங்க கொன்னுட்டேன். ரொம்பக் கழுவிட்டேன்."

அவர் உதடு துடித்தது. இடது கை எழுந்தது. தொண்டைக்குள் ஏதோ முட்டி மோதுவது தெரிந்தது. மாமியார் இல்லை, அது வேறு. அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. அப்படியே மண்டியிட்டு, அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். "வருதுங்க. சொல்லுங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"போ."

அவருடைய பழைய குரல். கொஞ்சமும் குழறவில்லை. அவள் வலையோடு எழுந்து, அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போனாள்.