படிப்பு: இல்லை

என் தாய்மாமன் செபாஸ்டின், அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டைப் மிஷினை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவர். எங்கள் பக்கத்திலிருந்து குவைத்துக்கும் சவுதிக்கும் போனவர்களில் பாதிப் பேருடைய பிறந்த தேதி அவர் விரலில் பிறந்ததுதான். அந்த மாமாதான் எனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தார்.

மாப்பிள்ளை பெயர் சின்னப்பராஜ். குவைத்தில் டிரைவர், ரெண்டு மாச லீவில் வந்திருந்தான். வரதட்சணை வேண்டாம், படித்த பெண்ணாக இருந்தால் போதும் என்றார்கள். படித்த பெண் என்றால் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். ராஜமேரி, பி.எஸ்ஸி. கணிதம். என் அப்பா சின்னப்பன் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர். அம்மா ஆரோக்கியம்மாள் அதையும் பார்க்காதவள். எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பேர் பதிந்துவிட்டு ஒன்றரை வருஷமாக வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். "அங்க நம்ம இந்தியாக்காரங்க புள்ளைங்க படிக்கிற ஸ்கூலு இருக்குது, கணக்கு டீச்சருக்கு அலையறாங்க" என்று அவன் சொன்னான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் தலையை ஆட்டினேன்.

எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் முதலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். யாரும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் எல்லாருக்கும் இருமல் வரும்.

எனக்கு இரண்டு ஓலை முடிந்தது. ரெண்டாவது ஓலைக்கு மூன்றாம் நாள் மாமா பாஸ்போர்ட் ஃபாரத்தோடு வந்தார். சின்னப்பராஜும் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் மாமா பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். அது அவருடைய தொழில்முறை. அவரிடம் வருகிறவர்கள் குறியைப் பார்ப்பார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள், போவார்கள். மேலே என்ன அடித்திருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. அந்தப் பழக்கத்தில் எனக்கும் அதையே நீட்டிவிட்டார்.

நான் மேலேயிருந்து படித்தேன். பெயர் சரி. ஊர் சரி. வயது முப்பத்திரண்டு என்று இருந்தது. எனக்கு இருபத்திரண்டு. மணமாகாதவர். தொழில், வீட்டு வேலை. அதற்குக் கீழே, படிப்பு: இல்லை.

"மாமா, இது யாரோட ஃபாரம்?"

"உன்னுதுதான் பாப்பா. பேரு உன் பேருதானே?"

"பேரு மட்டும்தான் என்னுது."

சின்னப்பராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "என்னுது வூட்டு விசா மேரி. அரபி வூட்டுல டிரைவரா இருக்கறவன் பொண்டாட்டிய கூட்டிக்கிட்டு வர்றதுக்கு அங்க பர்மிஷன் குடுக்க மாட்டாங்க. எங்க முதலாளியம்மாவுக்கு வேலக்காரி விசா ஒண்ணு கெடக்குது. அதுல நீ வந்துட்டா ரெண்டு பேரும் ஒரே வூட்டுல இருந்துக்கலாம்."

"டீச்சர் வேலைன்னு சொன்னீங்களே?"

"அத அங்க வந்து பாத்துக்கலாம்."

"வேலக்காரி விசால வந்தவ ஸ்கூல்ல வேல பாக்கலாமா?"

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

"வயசு எதுக்கு பத்து ஏறியிருக்குது?"

"சின்ன வயசுப் பொண்ணுன்னா ஆபீசுல நூறு கேள்வி கேப்பான்."

"படிப்பு?"

"பி.எஸ்ஸி. படிச்சவ வேலக்காரியாப் போறேன்னா எவன் நம்புவான்?"

"நானே நம்பல மாமா. மணமாகாதவர்னு போட்டிருக்கீங்க. பத்து நாள்ல கல்யாணம்."

மாமா சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி. "இன்னிக்கி நீ கல்யாணம் ஆகாதவதானே? இன்னிக்கித் தேதி போட்டு அனுப்பிட்டா அது பொய்யே கெடையாது."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தார். "எல்லாரும் பண்றதுதானம்மா. பேப்பருக்குத்தானே."

"பேப்பருக்குத்தான்னா என்னைய எதுக்குக் காலேஜுக்கு அனுப்பினே? அங்க மூணு வருசம் படிச்சதுக்கும் பேப்பர்தான் குடுத்தான்."

"மொதல்ல கழுத்துல தாலி ஏறட்டும்டி" என்றாள் அம்மா. "வாய அப்பறமாத் தொறக்கலாம்."

ஃபாரத்தை நான் திருப்பித் தரவில்லை. நல்லா படிச்சிட்டுத் தர்றேன் என்று சொல்லி, என் டிகிரி சர்ட்டிபிகேட் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் அரூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாஞ்சாலி அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள். மாமாவின் பெருக்கல் குறியில் கைநாட்டு வைத்துப் போனவள்தான். விஷயத்தைச் சொன்னதும் இட்லித் தட்டை டங்கென்று வைத்தாள்.

"பேப்பருக்குத்தான்னு சொன்னாங்களா? அங்க பேப்பருதான்டி மனுசி, நீ இல்ல. போயி எறங்கின அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கி முதலாளியம்மா பீரோவுல வெச்சிரும். அப்பறம் அது குடுத்தாத்தான் உனக்கு ஊரு."

"புருஷன் அதே வூட்டுலதானக்கா இருப்பாரு."

"யாரு புருஷன்? பேப்பர்ல நீ கல்யாணமாகாதவ, அவன் டிரைவரு. அவன் ரூமுக்கு நீ போனது தெரிஞ்சா போலீசு. புள்ள உண்டானா ஜெயிலு. எங்க பக்கத்து வூட்டுல ஒரு மலையாளத்துப் பொண்ணு, தாலி கட்டின புருஷன்தான் அவளுக்கும். இதே மாதிரி வந்தவ. ஜெயில்லயே பெத்து, கைப்புள்ளையோட பிளேன்ல ஏத்தி விட்டானுங்க. அந்தப் புள்ளைக்கு அப்பன் பேரு எழுத எடமில்ல."

"கோயில்ல குடுக்கற கல்யாணச் சர்ட்டிபிகேட்டக் காட்டினா?"

"காட்டு. அப்பப் பாஸ்போர்ட்டுல ஏன் பொய் எழுதினேன்னு அதுக்கு ஒரு கேசு. எதக் காட்டினாலும் மாட்டற மாதிரிதான் உங்க மாமன் அடிச்சித் தர்றான்." எனக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நானு கைநாட்டு. எனக்குத் தெரியல. நீ எதுக்குடி அத்தன புஸ்தகத்தச் சொமந்த?"

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பங்குச் சாமியாரிடம் போனேன். ஃபாரத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. "அது அரசாங்க விஷயம்மா. கோயிலுக்கு அதுல வேலையில்ல. தடைன்னா முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கணும், இல்ல நெருங்கின ரத்த உறவா இருக்கணும்."

"கல்யாணமே ஆகலைன்னு எழுதிக் குடுத்துட்டுக் கல்யாணம் பண்ணிக்கறது தடையில்லீங்களா சாமி?"

"வீட்டுல பெரியவங்ககிட்டப் பேசும்மா" என்று செபமாலையை எடுத்துக்கொண்டார்.

பெரியவர்களிடம் பேசியாகிவிட்டது. எழுதியதே பெரியவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஃபாரத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பின்னால் மாப்பிள்ளையின் அம்மா ரோசம்மா புதுச் சேலையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுச் சின்னம்மாள், மகள் தெரசாவோடு. பிரசங்கம் முடிந்து சாமியார் நோட்டைத் திறந்தார். மூன்றாம் ஓலை. என் பெயர், அவன் பெயர், அப்பன்மார் பெயர். தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். வழக்கம்போல எல்லாரும் இருமினார்கள்.

"இருக்குதுங்க சாமி" என்று எழுந்தேன்.

"யாரது?"

"கல்யாணப் பொண்ணுதாங்க."

ஆம்பளைகள் பக்கம் யாரோ சிரித்தார்கள். சாமியாரின் முகம் சுருங்கியது. "பூசை முடிஞ்சி பேசலாம். உக்காரு."

"ஓலைய பூசையிலதானுங்களே வாசிச்சீங்க? தடையையும் பூசையிலயே வாசிச்சிடறேன்."

ஃபாரத்தை விரித்து, இங்கிலீஷில் அடித்திருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வயதைச் சொன்னதும் ரோசம்மா எழுந்துவிட்டாள். வீட்டு வேலை என்றதும் பெண்கள் பக்கம் குசுகுசுவென்றது. படிப்பு இல்லை என்று வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்து, அடுத்ததை இன்னும் சத்தமாக வாசித்தேன்.

"சாமி, உங்க ஓலைப்படி நான் இவரு பொண்டாட்டி. இந்த ஃபாரத்துப்படி நான் கல்யாணமே ஆகாத வேலக்காரி. ரெண்டுலயும் என்னையத்தான் கையெழுத்துக் கேக்கறாங்க. எதுல போடறதுன்னு சொல்லுங்க. ரெண்டுலயும் சேத்துப் போட மாட்டேன்."

"ரெண்டெழுத்து படிச்ச திமிரு!" என்றாள் சின்னம்மாள். "கோயிலுன்னு பாக்குதா, சாமியாருன்னு பாக்குதா?"

"எம் புள்ளைக்குப் பொண்ணா கெடைக்காது?" ரோசம்மா கையை வீசினாள். "தெருவுக்கு நாலு நிக்குது. உக்காருடி!"

என் அப்பா தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். மாமா மெதுவாகப் பக்கவாட்டுக் கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். சின்னப்பராஜ் மட்டும் எழுந்து நின்றான்.

"கையெழுத்துப் போடாட்டி போயேன். அதுக்கு எதுக்கு இங்க வந்து மானத்த வாங்கற?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், எல்லாரும் இருக்கற எடத்துலயே சொல்லிடுங்க. நாளைக்கி அங்க போலீசு வந்து இவ யாருன்னு கேட்டா, என்ன சொல்வீங்க? பொண்டாட்டின்னா, வேலக்காரின்னா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லியிருக்கலாம். கோயில் என்பதாலோ என்னவோ சொல்லவில்லை.

"வேலக்காரின்னுதான் சொல்லியாகணும். இல்லாட்டி என் விசா போயிரும்."

அதற்குப் பிறகு ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு வரவில்லை. அவன் உட்கார்ந்துவிட்டான். சாமியார் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைத் திறந்து நோட்டில் ஒரு கோடு போட்டார். "இந்த ஓலை நிறுத்தப்படுது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

வீட்டில் ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிவிட்டாள். மாமா வாசலில் நின்றே கத்திவிட்டுப் போனார். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! இனிமே கைநாட்டு வெக்க வர்றவன்கூடப் படிச்சிச் சொல்லுங்கன்னு நிப்பான்!"

"நிக்கட்டும். படிச்சிச் சொல்லுங்க" என்றேன்.

தெருக்குழாயில் நான் குடம் வைத்தால் சின்னம்மாள் தன் குடத்தைத் தள்ளி வைப்பாள். அவளுடைய ஒரே மகள் தெரசா, எட்டாவதில் பெயிலாகி நின்றவள். மாமா அந்த வீட்டுக்குள் நுழைந்து வெளியே வருவதை ரெண்டு தடவை பார்த்தேன். சின்னப்பராஜின் லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. கணக்கு படித்தவளுக்கு இது ஒரு கணக்கா?

புதன்கிழமை மத்தியானம் சின்னம்மாள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கும்பிடவுமில்லை, கூப்பிடவுமில்லை. கையில் சுருட்டிய காகிதம். என் மடியில் போட்டாள்.

"படிச்சவன்னு ரொம்ப ஆடாத. நீ கோயில்ல படிச்சது உனக்கு எழுதினது. அதே மாப்பிள்ளைக்கு எம் பொண்ணப் பேசியிருக்குது, இது அவளுக்கு எழுதினது. என்னா இருக்குதுன்னு சொல்லு. கூட்டாம கொறைக்காம சொல்லு."

நான் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்கார வரவில்லை.

அதே மிஷின். எழுத்தெல்லாம் அதே வரிசையில் இருந்தது. பெயர் மட்டும் தெரசா. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு. அதே பென்சில் குறி.

"படிப்பு, இல்லை."

"எட்டு வரைக்கும் போனாளே?"

"இதுல இல்லைன்னுதான் இருக்குது. தொழில், வீட்டு வேலை. மணமாகாதவர்."

சின்னம்மாள் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். மாமாவின் குறி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பென்சில் விரலில் ஒட்டியது. மறுபடி என்னிடம் நீட்டினாள்.

"அந்தக் கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி படி."

"மணமாகாதவர்."

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வெளியே வேப்பமரத்தடியில் தெரசா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய், இங்க வாடி" என்றாள் சின்னம்மாள். "வந்து உங் காதாலயே கேளு. இவ இன்னொருக்கா படிப்பா."

மேலேயிருந்து ஆரம்பித்தேன்.